தள்ளுபடிப் பெட்டிக் காமிக்ஸ்: கிளறுவதில் பயன் உண்டா?

ஜூன் 2 (கேள்வி)

காமிக்ஸ் கடையில் மேசைக்கு அடியில் தள்ளி வைத்திருக்கும் மலிவு விலைப் பெட்டிகளைக் கிளறி யாருக்காவது உருப்படியாக ஏதாவது கிடைத்திருக்கிறதா? மூன்று முறை உட்கார்ந்து பார்த்தேன். மூன்று முறையும் அதே 90களின் இதழ்கள், அதுவும் ஒரே இதழ் ஏழெட்டுப் பிரதி. நல்லதாக இருந்தால் கடைக்காரரே எடுத்து வைத்துக்கொள்ள மாட்டாரா?

ஜூன் 2, இரவு

எடுத்து வைத்துக்கொள்வார். விலை போகிற இதழ் எது என்று நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் லாபம் பார்க்கும் எண்ணத்தோடு பெட்டிக்குள் கை விட்டால் ஏமாற்றம்தான். ஆனால் அவருக்கு விலைப்பட்டியல் தெரியும் அளவுக்கு ஒவ்வொரு பிரதியையும் திருப்பிப் பார்க்க நேரம் இருக்காது. நூறு இதழை மொத்தமாக வாங்கி, தலைப்பையும் எண்ணையும் மட்டும் பார்த்து, தெரிந்ததை மேலே வைத்துவிட்டு மிச்சத்தைப் பெட்டியில் போடுகிறார். அந்த மிச்சத்தில்தான் விநோதங்கள் இருக்கின்றன. நான் பன்னிரண்டு வருடமாகக் கிளறுகிறேன். ஒன்றைக்கூட விற்றதில்லை. வீட்டில் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பவை எல்லாம் அந்தப் பெட்டியில் வந்தவைதான்.

ஜூன் 3

அந்த 90களின் குவியலைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் எரிச்சல் குறையும்.

அமெரிக்காவில் முன்பு காமிக்ஸ் பத்திரிகைக் கடைகளில் விற்றது. விற்காத பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். 1970களில் காமிக்ஸ் கடைகளுக்கு நேரடியாக அனுப்பும் முறை வந்தது. தள்ளுபடி கூடுதல், ஆனால் திருப்பித் தர முடியாது. விற்காதது கடைக்காரர் தலையில். 1991-ல் 'எக்ஸ்-மென்' புதிய தொடரின் முதல் இதழ் ஐந்து விதமான அட்டைகளோடு வந்து 80 லட்சத்துக்கு மேல் போனது. போனது என்றால் கடைகளுக்குப் போனது. வாசகர் கைக்கு அத்தனையும் போகவில்லை. அடுத்த ஆண்டு இறுதியில் சூப்பர்மேன் சாகும் இதழ் கறுப்பு பாலிதீன் உறையில், கையில் கட்டிக்கொள்ளக் கறுப்புப் பட்டையோடு வந்தது. பின்னால் பெரும் விலைக்குப் போகும் என்று நம்பி ஆளாளுக்குப் பத்துப் பத்தாக வாங்கி, பிரிக்காமலே பரணில் போட்டார்கள். எல்லாரும் பத்திரப்படுத்திய பொருளுக்கு எங்கிருந்து தட்டுப்பாடு வரும்? 1996 டிசம்பரில், 'எக்ஸ்-மென்' இதழைப் போட்ட மார்வெல் நிறுவனமே திவால் மனு போட்டது. பரணில் இருந்த கட்டுகள் இறங்கி இன்று நீங்கள் பார்க்கும் பெட்டிக்கு வந்திருக்கின்றன.

அதனால் மேலே இருப்பதைத் தள்ளிவிட்டு அடியில் பாருங்கள். உறை இல்லாத, ஓரம் பழுப்பேறிய, கொஞ்சம் மெலிந்த இதழ்கள் அடியில்தான் ஒண்டிக்கிடக்கும்.

ஜூன் 5

"விநோதம் என்றால் என்ன, ஓர் உதாரணம் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். இப்போது மேசை மேல் இருப்பதையே சொல்கிறேன்.

1970களின் நடுவில் வந்த ஒரு மார்வெல் இதழ். எந்தத் தொடர் என்பது முக்கியமில்லை. வாசகர் கடிதப் பக்கத்தில் சன்னல் மாதிரி ஒரு சதுர ஓட்டை. 1974-லிருந்து சுமார் இரண்டு ஆண்டுகள் மார்வெல் இதழ்களின் கடிதப் பக்கத்தில் ஒரு சின்ன முத்திரைப் படம் அச்சாகும். வெட்டி எடுத்து ஒரு புத்தகத்தில் ஒட்டிச் சேர்க்க வேண்டும், மொத்தம் நூறு. பிள்ளைகள் கத்திரிக்கோலோடு உட்கார்ந்துவிட்டார்கள். எக்ஸ்-மென் கதைகளில் வரும் வால்வரின் முழுதாக முதலில் தோன்றிய 1974-ன் 'ஹல்க்' 181-ஆம் இதழில்கூட அந்த முத்திரையை வெட்டியிருக்கிறார்கள். முத்திரை இல்லாத பிரதியின் விலை அப்படியே சரிந்துவிடும். சேகரிப்பவர்கள் இன்றும் வாங்குமுன் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்து பார்க்கிறார்கள்.

என் பிரதியில் முத்திரையின் பின்பக்கம் கதை. வெட்டியபோது ஒரு கட்டத்தில் நாயகனின் தலையும் தோளும் போய்விட்டன. அதை வெட்டிய பிள்ளைக்கு அது பொறுக்கவில்லை போலிருக்கிறது. ஓட்டைக்குப் பின்னால் கோடு போட்ட நோட்டுத் தாளை ஒட்டி, போன தலையை நீலப் பேனாவால் வரைந்திருக்கிறது. முகமூடியின் ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. தோள் மட்டும் மீதிப் படத்தோடு மிகச் சரியாகப் பொருந்துகிறது. பசை காய்ந்து தாள் முறுமுறுப்பாக இருக்கிறது. குறையே இல்லாத பிரதியைக் கொடுத்து இதைக் கேட்டால் நான் தரமாட்டேன்.

ஜூன் 5, பின்னிரவு

அந்தப் பிரதியை வாங்கும்போது கடைக்காரர், "இதில் பக்கம் கிழிந்திருக்கிறது, சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். காசு கொடுத்துத்தான் வாங்கினேன்.

ஜூன் 11

அடுத்து அட்டையைப் படிக்கும் விதம். உள்ளே போகுமுன் அட்டையின் இரண்டு மூலைகளைப் பாருங்கள்: விலை இருக்கும் மூலை, பார்கோடு இருக்கும் மூலை.

80களின் மார்வெல் இதழில் பார்கோடு இருக்க வேண்டிய கட்டத்தில் சிலந்தி மனிதன் முகம் இருந்தால் அது காமிக்ஸ் கடைக்கு வந்த பிரதி. பார்கோடு இருந்தால் பத்திரிகைக் கடைக்கு வந்தது. கதை ஒன்று, அச்சும் ஒன்று, வந்த வழி மட்டும் வேறு. பத்திரிகைக் கடையில் வாங்கியவர்கள் படித்தார்கள், மடித்தார்கள், கிழித்தார்கள். அதனால் அந்தப் பிரதி நல்ல நிலையில் கிடைப்பது கடினம்.

70களின் கடைசியில் வந்ததில் விலை ஒரு சாய்சதுரத்துக்குள் பெரிதாக இருந்தால் அது மறுபதிப்பு. அதை விட்டுவிடலாம்.

இன்னொன்று, விலை பிரிட்டிஷ் காசான பென்ஸ் கணக்கில் போட்டு, மாதத்தின் பெயர் இல்லாவிட்டால் பிரிட்டனுக்கு அனுப்பிய பிரதி. அமெரிக்காவில் அச்சானதுதான், அட்டையில் விலையை மட்டும் மாற்றி ஓட்டியிருப்பார்கள். மாதத்தை ஏன் எடுத்தார்கள் என்றால், கப்பலில் வந்து சேர்வதற்குள் அட்டையில் போட்ட மாதம் பழசாகிவிடும்.

ஜூன் 12

நேற்று எழுதியதில் சாய்சதுரம் பற்றியது தவறு. இரண்டு பேர் சுட்டிக்காட்டினார்கள். எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன், அவர்கள் சொல்வதுதான் சரி.

நானும் நெடுநாள் மறுபதிப்பு என்றுதான் நினைத்திருந்தேன், பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். நடந்தது வேறு. வெஸ்டர்ன் பப்ளிஷிங் என்ற நிறுவனம் மூன்று இதழ்களை ஒரு பையில் போட்டு, 'விட்மன்' என்ற பெயரில் பெரிய கடைகளில் விற்றது. அவை திருப்பித் தர முடியாதவை. பத்திரிகைக் கடைப் பிரதிகளோடு கலந்து யாரும் பணம் கேட்டு அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக அட்டையில் வேறு அடையாளம் போட்டார்கள். பெரும்பாலானவை அதே முதல் அச்சு. மறுபதிப்பாக வந்தவையும் சில உண்டு. அவற்றை உள்ளே பதிப்பு விவரம் இருக்கும் பொடி எழுத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தவறான எண்ணத்தால் எத்தனை இதழ்களைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்தால் மனசு கேட்கவில்லை. சாய்சதுரம் கண்டால் எடுங்கள்.

ஜூன் 12, மாலை

"திருப்பித் தருவது" என்றால் முழு இதழையும் அனுப்புவதா என்று ஒரு கேள்வி. இல்லை. அனுப்பும் செலவு இதழின் விலையைவிடக் கூடுதல். அந்தக் காலத்தில் அட்டையையோ, அட்டையின் மேல் பட்டையை மட்டுமோ கிழித்து அனுப்பினால் போதும், பணம் வரும். மீதியை அழித்துவிட வேண்டும் என்பது விதி. பலர் அழிக்கவில்லை. அட்டையில்லாமல் அரைக்கால் விலைக்கு விற்றார்கள். பெட்டியில் மேல்பட்டை மட்டும் நேர்கோடாகக் கிழிந்த இதழைப் பார்த்தால் சிறுபிள்ளை வேலை என்று நினைக்காதீர்கள். பழைய கடைக்காரர் ஒருவர் கணக்கு முடித்த அடையாளம் அது.

இதழின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரே மடிப்பு ஓடினால் அது தபாலில் வந்தது. அப்போதெல்லாம் சந்தாதாரருக்கு நீளவாக்கில் மடித்துத்தான் அனுப்புவார்கள். அந்த வீட்டுப் பிள்ளை மடிப்பைப் போக்குவதற்குப் புத்தகத்துக்கு அடியில் வைத்து அமுக்கியிருக்கும். போகாது.

ஜூன் 19

மழை, வேலை இல்லை, நான்கு மணி நேரம் பெட்டியோடு. கிடைத்தவை:

1983-ல் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போதைப்பொருள் எச்சரிக்கையாக இலவசமாகக் கொடுத்த 'டீன் டைட்டன்ஸ்' இதழ். இதை வெகுநாளாகத் தேடினேன். அந்த இளம் வீரர் குழுவின் தலைவன், பேட்மேனின் துணைவனான ராபின். ஆனால் இதில் ராபின் இல்லை! அவன் நிற்க வேண்டிய இடத்தில் புரொடெக்டர் என்று ஒரு புதியவன் நிற்கிறான், ராபின் பேசுவதையெல்லாம் பேசுகிறான். காரணம் பிஸ்கட். இதழுக்குப் பணம் கொடுத்தது கீப்ளர் பிஸ்கட் நிறுவனம். ராபினை விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமையோ அதன் போட்டியாளரான நபிஸ்கோவிடம் இருந்தது. ஆக, ராபினைத் தூக்கிவிட்டு ஒரு புதிய வீரனையே உண்டாக்கிவிட்டார்கள். உள்ளே அப்போதைய அதிபரின் மனைவி நான்சி ரேகன் எழுதிய கடிதமும் உண்டு. இலவசமாக அச்சடித்து வாரி வழங்கியதால் சந்தை மதிப்பு இல்லை. இவ்வளவு சுவையான பின்கதை உள்ள இதழுக்கு மதிப்பு இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று, 70களின் இதழ், நடுப்பக்கத்தில் கதைக்குக் குறுக்கே வழவழப்பான தடித்த தாளில் மோதிர விளம்பரம். யாரோ எதிலிருந்தோ எடுத்துச் செருகி வைத்திருந்தார்கள். படிக்கும்போது இடைஞ்சலாக இருந்ததால் உருவிவிட்டேன். கதை நன்றாக இருந்தது.

ஜூன் 20

இலவச இதழ், விளம்பர இதழ் என்றாலே தள்ளிவிடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. 1957-ல், அமெரிக்கக் கறுப்பின மக்கள் நடத்திய மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பைப் பற்றி 16 பக்கத்தில் ஒரு காமிக்ஸ் வந்தது. மார்ட்டின் லூதர் கிங்கையும் அறவழிப் போராட்டத்தையும் சொல்லும் இதழ். விலை 10 சென்ட். காமிக்ஸ் நிறுவனம் போட்டதில்லை, ஓர் அமைதி இயக்கம் போட்டது. தேவாலயங்கள், பள்ளிகள், கூட்டங்கள் வழியாகக் கைமாறிக் கைமாறிப் போனது. பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் லூயிஸ் அந்த இதழைத் தன் இளமைக் காலத்தோடு சேர்த்து நினைவுகூர்ந்திருக்கிறார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அது அரபியில் மொழிபெயர்க்கப்பட்டது. அதுவும் ஒரு காலத்தில் "கடையில் விற்காத காமிக்ஸ்"தான். மெல்லிய, பெயர் தெரியாத, முன்பின் எண் இல்லாத இதழ் கையில் பட்டால் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு வையுங்கள்.

ஜூலை 3

வேறு விஷயமாகக் கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று பெட்டியின் அடியில் அட்டையில்லாத பெரிய அளவுத் தாள்கள், நடுவில் அடித்த கம்பிப் பின் துருப்பிடித்துப் பழுப்புத் தூளாக உதிர்ந்தது. கறுப்பு வெள்ளை. பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழ். மூன்றாவது தாளைத் திருப்பினேன். ஓர் அறை, திறந்த பெட்டகம், ஆள் யாரும் இல்லை. காற்றில் ஒரு கை மட்டும். இரும்புக்கை.

நம்மில் எத்தனை பேருக்கு அந்தக் கையைப் பார்த்ததும் சட்டென்று சிவகாசியில் அச்சான முத்து காமிக்ஸ் நினைவுக்கு வரும்! எனக்கு அவன் இரும்புக்கை மாயாவிதான். ஆங்கிலத்தில் லூயிஸ் கிராண்டெல் என்று படிக்கும்போது யாரோ வேற்று ஆள் போல இருந்தது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், கை மட்டும் தெரியும் என்பது 1962-ல் அங்கே தொடங்கியது. வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர். நான் படித்த கையடக்க இதழில் இருட்டாகத் தெரிந்த மூலைகளில் எல்லாம் இந்தப் பெரிய தாளில் நுணுக்கமான கோடுகள் இருக்கின்றன. மேசை விளக்கின் நிழல், சன்னல் கம்பி, ஒரு பூனைகூட. இத்தனை வருடம் அந்த அறையில் பூனை இருந்தது எனக்குத் தெரியாது.

வசனத்தைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். வசனம் தமிழில் தானாக வந்தது.

ஜூலை 4

பராமரிப்பு பற்றிக் கேட்டவருக்கு: பழைய இதழ்களின் தாள் நியூஸ்பிரிண்ட். மரக்கூழில் இருக்கும் லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பாகும், தாள் நொறுங்கும். வெயில் படாத இடம், ஈரமில்லாத இடம், பாலிப்ரொப்பிலீன் உறை, பின்னால் அமிலம் நீக்கிய அட்டை. நிற்க வைத்து அடுக்குங்கள், இறுக்கி அடுக்காதீர்கள். கிழிசலுக்குச் செலோடேப் மட்டும் வேண்டாம். பத்து வருடத்தில் டேப் உதிரும், அதன் பழுப்புக் கறை மட்டும் நிரந்தரமாக நிற்கும். துருப்பிடித்த பின்னைப் பிடுங்காதீர்கள். நான் மேலே சொன்ன 'வேலியன்ட்' தாள்களை ஒன்றாக ஓர் உறையில் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஜூலை 20

ஜூன் 19-ல் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் இன்று கேட்டிருக்கிறார்: "அந்த மோதிர விளம்பரம் நடுப்பின்னில் கோத்திருந்ததா, சும்மா செருகியிருந்ததா?"

யோசித்துப் பார்த்தேன். கோத்திருந்தது. உருவும்போது பின் இருந்த இடத்தில் 'டப்' என்று சின்னதாகக் கிழிந்தது, அது இப்போது நினைவுக்கு வருகிறது.

அவர் சொன்னதை மற்ற சேகரிப்பாளர்களிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். மார்க் ஜுவல்லர்ஸ் என்ற நகைக்கடை விளம்பரம் அது. 70களிலும் 80களின் நடுப்பகுதி வரையிலும் சில பிரதிகளில் மட்டும் அச்சகத்திலேயே சேர்த்துப் பின் அடித்தார்கள். அந்தப் பிரதிகள் பெரும்பாலும் போனது அமெரிக்க ராணுவ முகாம்களுக்கு. வீட்டை விட்டு எங்கேயோ இருக்கும் சிப்பாய் காமிக்ஸ் வாங்குவான், நடுவில் நிச்சயதார்த்த மோதிரம் இருக்கும்.

எதிலிருந்தோ வந்தது என்று நான் நினைத்த தாள்தான் அந்தப் பிரதி எங்கே போயிற்று, யார் கையில் இருந்தது என்று சொல்லும் ஒரே சாட்சி. மற்றவர்களுக்கு அடையாளங்களைப் பார்க்கச் சொல்லி எழுதிக்கொண்டே நானே அதைக் கிழித்திருக்கிறேன். இன்று முழுக்க மனசு சரியில்லை.

ஜூலை 21

தூக்கிப் போடவில்லை என்று நினைக்கிறேன். பழைய தாள்களை வீசும் பழக்கம் எனக்கு இல்லை. தேடுகிறேன்.

ஜூலை 23

அலமாரி, மேசை இழுப்பறை, உறைகள் வைத்திருக்கும் பெட்டி எல்லாம் பார்த்தாயிற்று. இல்லை.

தேடும்போது வேறொன்று செய்தேன். என்னிடம் இருக்கும் 70கள், 80கள் இதழ்கள் அத்தனையையும் நடுப்பக்கம் திறந்து பார்த்தேன். இருநூற்றுச் சொச்சம். இன்னொரு பிரதியில் அதே விளம்பரம், கெட்டியாக இருந்தது. வாங்கி ஏழு வருடம் ஆகிறது, இவ்வளவு நாள் கண்ணில் படவில்லை. இழுத்துவிடாமல் இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தேன். கதைத் தாள் பழுப்பு, சொரசொரப்பு. விளம்பரத் தாள் இன்னும் வெள்ளையாக, வழுக்குகிறது. அதனால்தான் எப்போது திறந்தாலும் அந்த இடத்தில் இதழ் தானாக விரிகிறது.

இனி பெட்டியில் கிடைப்பதை வாங்குமுன் நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். முத்திரைக்குக் கடிதப் பக்கம், இதற்கு நடுப்பக்கம்.

ஆகஸ்ட் 9

கிடைத்துவிட்டது. மாயாவி இருக்கும் உறைக்குள், அட்டைக்கு முட்டுக்கொடுக்க நானே மடித்து வைத்திருக்கிறேன். ஜூலை 3 அன்று அவசரத்தில் கைக்கு வந்த தடித்த தாளை எடுத்திருக்கிறேன், இதுதான் அது.

பின் இருந்த இரண்டு இடத்திலும் கிழிசல். மேலே சின்னது, கீழே ஒரு நகத்தின் அளவு. ஒட்டவில்லை, பின்னும் அடிக்கவில்லை. அதன் பழைய இடத்தில், பதினாறாம் பக்கத்துக்கும் பதினேழாம் பக்கத்துக்கும் நடுவில் வைத்தேன். பின் பதிந்த துருக்கறை தாளிலும் இருந்தது, கதைப் பக்கத்திலும் இருந்தது. இரண்டையும் நேராக வைத்து உறையை மூடினேன். உறைக்கு வெளியே ஒரு சீட்டில் எழுதியிருக்கிறேன்: "நடுத்தாள் இந்தப் பிரதியுடையதே. எடுத்தவன் நான். வேறு இதழுக்கு மாற்ற வேண்டாம்."

ஆகஸ்ட் 9, இரவு

முதலில் கேள்வி கேட்ட நண்பர் இன்று எழுதியிருக்கிறார். நான்காவது முறை போனாராம், பெட்டியின் அடிவரை பார்த்தாராம். மேல்பட்டை கிழிந்த ஓர் இதழ் கிடைத்ததாம். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், பிள்ளைக் கையெழுத்தில், 1 முதல் 43 வரை எண்கள், பெரும்பாலானவற்றின் மேல் கோடு. தொடரில் தன்னிடம் இருக்கும் இதழ்களைக் குறித்திருக்கிறது போல. 17, 22, 38 மூன்றுக்கும் கோடு இல்லை. "38 என்னிடம் இருக்கிறது, என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்.

அதோடு சேர்த்து வையுங்கள். பென்சில் மேல் நீங்கள் எதுவும் போடாதீர்கள்.